வியூபேஜர்2: தூரத்து டேப்புக்குப் போய்த் திரும்பினால் டேட்டா காணாமல் போகிறது

சிவப்பு_பில்ட் (கேள்வி)

ஆண்ட்ராய்டு, கோட்லின். ஹோம் ஃபிராக்மென்ட்டுக்குள் (ஃபிராக்மென்ட் என்பது திரையின் ஒரு பகுதி) டேப்லேஅவுட் என்ற டேப் பட்டை, பக்கங்களைத் தள்ளிப் பார்க்கும் வியூபேஜர்2, மொத்தம் 6 டேப். ஒவ்வொரு டேப்பும் தனி ஃபிராக்மென்ட், அதற்கென்று தனி வியூமாடல் (திரைக்கான டேட்டாவை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்). பக்கத்து டேப்புக்குப் போய் வந்தால் எல்லாம் சரி. கடைசி டேப்புக்குப் போய் முதல் டேப்புக்கு வந்தால் லோடிங் மறுபடி சுற்றுகிறது, லிஸ்ட் மேலே போய் நிற்கிறது. வீடியோ டேப்பை விட்டு நகர்ந்தும் சத்தம் நிற்பதில்லை. ஆன்ஸ்டாப்பில்தான் (ஃபிராக்மென்ட் நிற்கும்போது சிஸ்டம் அழைக்கும் ஃபங்ஷன்) வீடியோவை பாஸ் செய்கிறேன். போனைத் திருப்பிவிட்டு ரெஃப்ரெஷ் அழுத்தினால், ஃபிராக்மென்ட் காண்டெக்ஸ்டுடன் இணைக்கப்படவில்லை என்று க்ராஷ். ரெஃப்ரெஷுக்காக அடாப்டரில் (பேஜருக்குப் பக்கங்களைத் தரும் கிளாஸ்) ஃபிராக்மென்ட்களை ஒரு லிஸ்ட்டாக வைத்திருக்கிறேன்.

ஆஃப்ஸ்க்ரீன்பேஜ்லிமிட்டை (நடப்புப் பக்கத்துக்கு இருபுறமும் எத்தனை பக்கங்களைத் தயாராக வைப்பது என்ற எண்) 5 ஆக்கினால் முதல் தொல்லை போய்விடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

ஓரத்து_த்ரெட்

வேண்டாம். 5 என்று வைத்தால் ஆப் திறந்ததுமே ஆறு ஃபிராக்மென்ட்டும் உருவாகி, ஆறு ஏபிஐ அழைப்பும் ஒரே நேரத்தில் கிளம்பும். நோய் அப்படியேதான் இருக்கும், காய்ச்சல் மட்டும் தெரியாது.

வியூபேஜர்2-க்கு உள்ளே இருப்பது ரீசைக்ளர்வியூ, அதாவது வியூக்களை மறுபடி பயன்படுத்தும் லிஸ்ட். கண்ணுக்கு மறைந்த பக்கங்களில் இரண்டை அது கேஷில் வைத்துக்கொள்ளும், ப்ரீஃபெட்ச் (அடுத்த பக்கத்தை முன்கூட்டியே தயார் செய்வது) இருந்தால் இன்னொன்று. அதற்கும் மேல் தள்ளிப் போனால் பக்கத்தைத் தாங்கும் வியூஹோல்டர் ரீசைக்கிள் ஆகும். அப்போது ஃபிராக்மென்ட்ஸ்டேட்அடாப்டர் அந்த ஃபிராக்மென்ட்டின் நிலையைச் சேமித்துவிட்டு அதை நீக்கிவிடும். நீக்கப்பட்ட ஃபிராக்மென்ட்டோடு அதன் வியூமாடலும் போய்விடும். திரையைத் திருப்பினால் பிழைக்கிற வியூமாடல் இங்கே பிழைக்காது. வியூமாடல் அழியும்போது அழைக்கப்படும் ஆன்கிளியர்டில் ஒரு லாக் போட்டால் கண்ணாலேயே பார்க்கலாம்.

வியூமாடலின் சொந்தக்காரரை மாற்றுங்கள். வியூமாடலை எடுத்துத் தரும் வியூமாடல்ப்ரொவைடருக்கு ரிக்வயர்பேரண்ட்ஃபிராக்மென்ட்டை (இங்கே ஹோம் ஃபிராக்மென்ட்) கொடுத்து, டேப்பின் ஐடியை கீயாக வையுங்கள். கீ இல்லாவிட்டால் ஒரே கிளாஸைப் பயன்படுத்தும் டேப்கள் எல்லாம் ஒரே லிஸ்ட்டைக் காட்டும்.

ஸ்க்ரோலுக்கு: ரீசைக்ளர்வியூவுக்கு எக்ஸ்எம்எல்லில் ஐடி கட்டாயம், ஐடி இல்லாத வியூவின் நிலை சேமிக்கப்படாது. லிஸ்ட் அடாப்டரில் ஸ்டேட்ரெஸ்டொரேஷன்பாலிசியை ப்ரிவென்ட்வென்எம்ப்டி என்று வையுங்கள் (ரீசைக்ளர்வியூ 1.2.0 முதல் உண்டு). இல்லையென்றால் லிஸ்ட் காலியாக இருக்கும்போதே பழைய இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும்.

நள்ளிரவு_லாக்கேட்

வீடியோவுக்குக் காரணம் வேறு. நடப்பு டேப் மட்டும்தான் ரெஸ்யூம்ட் (முழுதாக இயங்கும்) நிலைக்கு வரும். உயிரோடு இருக்கும் மற்றவற்றை அடாப்டர் அதற்கு ஒரு படி கீழே உள்ள ஸ்டார்ட்டட் நிலையிலேயே பிடித்து வைக்கும். டேப் மாறினால் ஆன்பாஸ் வரும், ஆன்ஸ்டாப் வராது. ப்ளேயரை ஆன்ரெஸ்யூமில் ஓட்டி ஆன்பாஸில் நிறுத்துங்கள். ஃப்ளோ (கோட்லினில் தொடர்ந்து வரும் டேட்டா) என்றால் ரிப்பீட்ஆன்லைஃப்சைக்கிளுக்கு ரெஸ்யூம்ட் கொடுக்க வேண்டும். இப்போது கைவிடப்பட்ட செட்யூசர்விசிபிள்ஹின்ட் பற்றி எழுதிய கட்டுரைகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அதற்காக ஏபிஐ அழைப்பையும் ஆன்ரெஸ்யூமில் வைத்துவிடாதீர்கள். பர்மிஷன் டயலாக் வந்து போனாலும் ஆன்ரெஸ்யூம் மறுபடி வரும்.

வியூபேஜர் இல்லாமல் ஷோ, ஹைட் வைத்து டேப் மாற்றுபவர்களுக்கு: ஹைட் செய்தால் ஆன்பாஸ்கூட வராது. அதே ட்ரான்சாக்ஷனில் செட்மேக்ஸ்லைஃப்சைக்கிள் மூலம் ஸ்டார்ட்டட் என்று நீங்களே இறக்க வேண்டும்.

கடைசி_கமிட்

க்ராஷுக்கு அந்த லிஸ்ட்தான் காரணம். போன் திரும்பியதும், ஃபிராக்மென்ட்களை நிர்வகிக்கும் ஃபிராக்மென்ட்மேனேஜர் தன்னிடம் இருந்தவற்றைத் தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும், அடாப்டரின் கிரியேட்ஃபிராக்மென்ட் அழைக்கப்படாது. உங்கள் லிஸ்ட்டில் இருப்பவை எங்கும் ஒட்டாத வெறும் ஆப்ஜெக்ட்கள். லிஸ்ட்டைத் தூக்கிவிட்டு, கிரியேட்ஃபிராக்மென்ட்டில் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் கொடுங்கள். எஃப் என்ற எழுத்தோடு எண்ணைச் சேர்த்து டேகில் (ஃபிராக்மென்ட்டுக்கு அடாப்டர் வைக்கும் பெயர்) தேடும் வித்தையும் வேண்டாம். அது அடாப்டரின் உள் விவகாரம், எப்போது வேண்டுமானாலும் மாறலாம். மேலே சொன்னபடி வியூமாடல் பேரண்ட்டிடம் வந்துவிட்டால், ரெஃப்ரெஷ் நேராக வியூமாடலுக்கே போகலாம், ஃபிராக்மென்ட்டைத் தேட வேண்டியதே இல்லை.

அடாப்டருக்கு சைல்ட்ஃபிராக்மென்ட்மேனேஜரையும் வியூலைஃப்சைக்கிள்ஓனரின் லைஃப்சைக்கிளையும் கொடுங்கள். ஹோம் ஃபிராக்மென்ட்டையே கொடுத்தால், பேக்ஸ்டாக்கில் (பின்னால் போன திரைகளின் அடுக்கு) அதன் வியூ அழிந்த பிறகும் அடாப்டர் பழைய வியூவைப் பிடித்துக்கொண்டு மெமரி லீக் ஆகும். ஆன்டெஸ்ட்ராய்வியூவில் மீடியேட்டரை (டேப்லேஅவுட்டையும் பேஜரையும் இணைப்பது) டிடாச் செய்து, பேஜரின் அடாப்டரை நல் ஆக்கிவிடுங்கள்.

சிவப்பு_பில்ட்

சத்தம் நின்றுவிட்டது, லிஸ்ட்டும் இடம் மாறவில்லை. டேப்களின் வரிசையைப் பயனரே மாற்றும் வசதி வரப்போகிறது. அப்போது?

கடைசி_கமிட்

அடாப்டரில் கெட்ஐட்டம்ஐடி, கன்டெய்ன்ஸ்ஐட்டம் இரண்டையும் ஓவர்ரைடு செய்தே ஆக வேண்டும். இயல்பாக ஐடி என்பது பொசிஷன்தான். வரிசை மாறினால் தலைப்பு புதியதும் உள்ளடக்கம் பழையதுமாக நிற்கும். சர்வரில் வரும் நிலையான எண்ணை ஐடியாக வையுங்கள்.

சோதிக்கும்போது ஹோம் பட்டனை அழுத்தி, ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) ஏஎம் கில் என்று பேக்கேஜ் பெயருடன் கொடுத்து ஆப்பின் ப்ராசஸைக் கொன்று, ரீசன்ட்ஸிலிருந்து திறந்து பாருங்கள். ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தால் சேமித்த நிலையும் சேர்ந்து போய்விடும், ஒன்றும் பிடிபடாது.