பாலக்காடு சித்தூர் கிழக்கு வறட்சி: எஸ்.பி.ஐ. மழைக் குறியீடு மட்டும் போதுமா?

கொழிஞ்சாம்பாறை_தோப்பு:
நிவாரண மனு தயார் செய்கிறோம். மாவட்ட மழைக் கணக்கு 'இயல்பு' என்கிறது. எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் போர்வெல்லில் காற்றுதான் வருகிறது, தென்னையில் மட்டை தொங்குகிறது. இந்திய வானிலைத் துறையின் கட்டத் தரவை (நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் மழைக் கணக்கு) இறக்கி 3 மாத எஸ்.பி.ஐ. (வழக்கமான மழையைவிட எவ்வளவு கூட, குறைய என்று காட்டும் குறியீடு) போட்டால் -0.6. இதை வைத்து வறட்சி என்று சொல்லலாமா?

மழைக்கணக்கு:
முடியாதுங்க. -1க்குக் கீழே போனால்தான் மிதமான வறட்சி, -1.5க்குக் கீழே கடுமை, -2 என்றால் அதிகடுமை. ஆனால் 3 மாதக் கணக்கு மேல்மண் ஈரத்துக்குத்தான் ஓரளவு பொருந்தும், போர்வெல் பிரச்சினைக்கு 12, 24 மாதம் போட்டுப் பாருங்கள், குறைந்தது 30 வருட மழை வேண்டும். அப்புறம், அந்தத் தரவில் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர். நெல்லியாம்பதி மலை மழையும் உங்கள் மழைமறைவுக் காடும் ஒரே சராசரியில் கலந்துவிட வாய்ப்புண்டு, மாவட்டக் கணக்கில் கேட்கவே வேண்டாம். பக்கத்து மழைமானியின் பதிவைக் கட்டாயம் சேருங்கள்.

கணவாய்_காற்று:
மழையை மட்டும் பார்த்தால் நம்ம ஊர் நிலைமை பாதிதான் தெரியும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற வறண்ட காற்று மண்ணை உறிஞ்சிவிடுகிறது, எஸ்.பி.ஐ.க்கு அது தெரியவே தெரியாது. மழையிலிருந்து ஆவியாதல் தேவையைக் கழிக்கிற எஸ்.பி.இ.ஐ. போடுங்கள். அதிலும் தார்ன்த்வெயிட் முறை வேண்டாம், அது வெப்பநிலையை வைத்து மட்டுமே கணக்கிடும். காற்று வேகத்தையும் எடுத்துக்கொள்கிற பென்மன்-மாண்டீத் முறைதான் இங்கே சரிப்படும்.

மூலத்தறை_வாய்க்கால்:
தோப்பு அண்ணா, ஆற்றுப் பாசனத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையருகே மணக்கடவில் நமக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும். அந்தத் தண்ணீர் ஆனைமலையில் பெய்கிற மழை. இங்கே நன்றாகப் பெய்து அங்கே பொய்த்தாலும் நம் வாய்க்கால் காயும். அதனால் அணைகளின் நீர்ப்பிடிப்புக்குத் தனியாக எஸ்.பி.ஐ. போட்டு, அணை இருப்பையும் சேர்த்துக் காட்டுங்கள். மத்திய அரசின் 2016 வறட்சி மேலாண்மைக் கையேட்டிலேயே மழைக்குறைவு முதல் படி மட்டும்தான், அதற்குப் பிறகு பயிர்ப் பரப்பு, மண் ஈரம், செயற்கைக்கோள் பசுமைக் குறியீடு, நிலத்தடி நீர், அணை இருப்பு எல்லாம் பார்த்து, கடைசியில் ஊருக்கு வந்து நேரில் சரிபார்க்க வேண்டும் என்றிருக்கிறது. சித்தூர் வட்டாரம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்த வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2017 மதிப்பீட்டில் வகைப்படுத்தியிருந்தது, அதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_தோப்பு:
சரி, 12 மாதக் கணக்கை முதலில் போடுகிறேன். எருத்தேம்பதி பக்கம் பழைய மழைமானிப் பதிவு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.