1928 ரயில்வே வேலைநிறுத்த வழக்கு: கொள்ளுத்தாத்தாவின் பெயரை எங்கே தேடுவது?

நாகைப் பேத்தி:
வணக்கம். என் அம்மாவின் தாத்தா நாகப்பட்டினம் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். ‘ஸ்டிரைக்கில் சேர்ந்தார், ரயில் கவிழ்த்த கேஸில் ஜெயிலுக்குப் போனார், திரும்பி வந்தபோது வேலை போயிருந்தது’ என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெரிய மாமா ‘பொன்மலையில் சுட்டார்களே, அப்போது’ என்கிறார். சித்தி ‘மீரட் சதி வழக்கு’ என்கிறார். கையில் இருப்பது ஒரு பித்தளை வில்லை மட்டும்தான். எஸ்.ஐ.ஆர். (தென்னிந்திய ரயில்வே) என்ற ஆங்கில எழுத்துகள், கீழே ஓர் எண், மேலே கயிறு கோக்க ஓட்டை. இணையத்தில் அவர் பெயரைப் போட்டால் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவர் இருக்கும்போதே தெரிந்துகொள்ள ஆசை.

பொன்மலை முத்து:
முதலில் எந்த வழக்கு என்று தீர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. பொன்மலைத் துப்பாக்கிச்சூடு 1946 செப்டம்பர் 5. அதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பதினெட்டு வருஷம் முன்னாலேயே நாகைப் பட்டறையைத் திருச்சி பக்கத்திலுள்ள பொன்மலைக்கு மாற்றிவிட்டார்கள். கொள்ளுத்தாத்தா நாகையிலேயே வேலை பார்த்து நாகையிலேயே வேலையை இழந்தார் என்றால் அது 1928 ஆகத்தான் இருக்கவேண்டும். மீரட் வழக்கு கம்யூனிஸ்டுகள், தொழிற்சங்கத் தலைவர்கள்மேல் போட்டது; அதில் 1929 மார்ச்சில் பிடிபட்டவர்கள் 31 பேர். அந்தப் பட்டியல் பல முறை அச்சாகியிருக்கிறது, ஒரே நாளில் சரிபார்த்து ஒதுக்கிவிடலாம்.

1928-ல் நடந்தது இது. பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்றாக்கும் சாக்கில் கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. ‘தொழில் தேர்வு’ என்று ஒன்று வைத்தது. வருஷக்கணக்காகச் சம்மட்டி பிடித்தவனைக் கூப்பிட்டு உனக்கு வேலை தெரியுமா என்று பரீட்சை வைத்தால் எப்படி இருக்கும்? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஆட்குறைப்பைவிட அதைத்தான் ஆத்திரத்தோடு பேசுவார்கள். ஜூலை 20-ல் லைன் முழுக்க வேலைநிறுத்தம், மாதக் கடைசிக்குள் முடிந்துபோனது. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் முதலான தொழிலாளர் தலைவர்கள்மேல் சதி வழக்கு போட்டார்கள். இரண்டு பேருக்கும் பத்து வருஷத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து, சிங்காரவேலர் 1930-ல் வெளியே வந்தார்.

காப்பக நண்பன்:
முத்து ஐயா சொன்னதோடு சேர்த்து என் பங்கு. பெயரை வைத்துத் தேடாதீர்கள் அக்கா. அந்தக் காலக் கோப்புகளில் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கோவிந்தசாமி என்பதே மூன்று விதமாக இருக்கும். ஊர்ப் பெயரும் அப்படித்தான்: நெகபட்டம், டிரிச்சினாபோலி, மாயவரம் என்று பழைய பெயர்களில் தேடவேண்டும்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் துறை, வருஷம், அரசாணை எண் இந்த மூன்றும்தான் கதவைத் திறக்கும். 1928, 29-க்கான பொதுத்துறை, சட்டத்துறை அட்டவணைகளை எடுத்து ‘தென்னிந்திய ரயில்வே’, ‘வேலைநிறுத்தம்’ என்ற தலைப்புகளின் கீழ் பாருங்கள். அதில் கிடைக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டால் கோப்பைக் கேட்கலாம். மாகாண அரசு டில்லிக்கு அனுப்பிய இருவார அறிக்கைகளையும் விடாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் உள்துறை அரசியல் பிரிவுக் கோப்புகள் நிறைய இருக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

முக்கியமாக, செஷன்ஸ் வழக்கின் ‘காலண்டர்’ என்ற தாள் கிடைக்கிறதா பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, தொழில், ஊர் எல்லாம் அதில் இருக்கும். அதே பெயரில் வேறு ஆள் இருந்தால் தகப்பனார் பெயர்தான் பிரித்துக் காட்டும். சட்ட இதழ்களில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை மட்டும் பார்த்துவிட்டு ‘அவர் பெயர் இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். தலைப்பில் முதல் ஆள் பெயரும் ‘மற்றும் பலர்’ என்பதும்தான் இருக்கும்.

நாகைப் பேத்தி:
இருவருக்கும் மிக்க நன்றி. அவருடைய தகப்பனார் பெயரே எங்களில் யாருக்கும் தெரியாது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வக்கீல் குமாஸ்தா:
குடும்பத்தில் பழைய பத்திரம் ஏதாவது இருக்கிறதா? அந்தக் காலக் கிரயப் பத்திரத்தில் ‘இன்னார் குமாரர், இன்ன சாதி, இன்ன மதம், இன்ன ஜீவனம்’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள். மூலம் இல்லையென்றால் சொத்து இருக்கும் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு நகல் வாங்கலாம்.

இன்னொரு விஷயம். ‘ரயில் கவிழ்த்த கேஸ்’ என்ற சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளவேண்டாம். 1890 ரயில்வே சட்டத்தின் 126-ஆவது பிரிவு அதற்கானது. ஆயுள் நாடுகடத்தல் வரை போகும். பதிவான சங்கத்தின் ஆட்களைச் சதிச் சட்டத்திலிருந்து ஓரளவு காக்க 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இருந்தது. ஆனால் குற்றம் செய்யவே ஒப்பந்தம் போட்டார்கள் என்று நிரூபித்தால் அந்தக் காப்பு கிடையாது. ரயிலைக் கவிழ்ப்பது, தண்டவாளத்தைப் பெயர்ப்பது பற்றிய பேச்சு அரசுத் தரப்புக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது இதிலிருந்தே தெரியும். சாதாரணத் தொழிலாளிகள் மறியல், கூட்டம் கூடியது, நன்னடத்தை ஜாமீன் போன்ற சின்ன வழக்குகளில் மாஜிஸ்திரேட் முன்னால் நின்றிருப்பார்கள். பின்னால் வீட்டுப் பேச்சில் எல்லாம் ஒரே ‘கவிழ்ப்புக் கேஸ்’ ஆகிவிடும். அதனால் அவர் பங்கு குறைந்துவிடாது. பெரிய வழக்கில் பெயர் வந்தவர்களுக்கு வரலாற்றில் இடம் இருக்கிறது, இவர்களைத்தான் நாம் தேடி எடுக்கவேண்டும்.

பொன்மலை முத்து:
அந்த வில்லையைப் பத்திரமாக வையுங்கள். அதில் இருக்கும் எண் அவருடைய டிக்கெட் நம்பராக இருக்கலாம்; பட்டறையில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட அந்த நம்பர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அதிகம். வேலைநீக்கப் பட்டியல் எதுவும் கையில் கிடைத்தால், பெயர் எப்படித் திரிந்திருந்தாலும் நம்பர் திரியாது. திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்திலும் வில்லையைக் காட்டி விசாரியுங்கள். ஆனால் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

நாகைப் பேத்தி:
சித்தி வீட்டுப் பரணில் இரண்டு பத்திரங்கள் கிடைத்தன! 1927-ஆம் வருஷத்துப் பத்திரத்தில் தகப்பனார் பெயரோடு ‘ரயில்வே உத்தியோகம்’ என்று இருக்கிறது. 1929 நவம்பரில் அதே மனைக்கட்டை அடமானம் வைத்திருக்கிறார். அதில் ‘கூலி ஜீவனம்’. இரண்டிலும் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அம்மா அந்தக் கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். இனி என்ன செய்வது?

காப்பக நண்பன்:
அருமை அக்கா! அப்படியானால் வேலை போனது 1927-க்கும் 1929-க்கும் நடுவில், 1928 சரியாகப் பொருந்துகிறது. 1929 நவம்பரில் சார்பதிவாளர் முன்னால் நின்றிருக்கிறார் என்றால் அதற்குள் வெளியே வந்துவிட்டார். ஆகவே நீண்ட தண்டனை பெற்றவர்களிடையே அவரைத் தேடவேண்டாம், சின்ன வழக்குகளிலிருந்து தொடங்குங்கள். 1928 ஜூலை 20 முதல் ஆகஸ்ட் கடைசி வரை சுதேசமித்திரன் நாளிதழின் நாகைச் செய்திகளை வரிவிடாமல் பாருங்கள், கைதானவர்கள் பெயர் வர வாய்ப்பு உண்டு. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன, எந்தெந்த மாதம் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். தேதி கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். அதை வைத்து எந்தக் கோப்பைக் கேட்பது என்று சேர்ந்தே பார்க்கலாம்.