குவின்ஸ் மார்மலேட் கைப்பிரதி: எந்தக் காலத்தது?

கேள்வி:
ஆண்டு போடாத ஆங்கிலச் சமையல் கைப்பிரதி ஒன்றின் ஸ்கேன். குவின்ஸ் பழத்தை (ஆப்பிள் போன்ற கடினமான பழம்) வேகவைத்து மசித்து, ஒரு பவுண்டு கூழுக்கு ஒரு பவுண்டு சர்க்கரை போட்டு, சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிளறச் சொல்கிறது. ஜான் பார்ட்ரிட்ஜ் எழுதி 1573இல் அச்சான சமையல் நூலிலும் குவின்ஸ் மார்மலேட் உண்டு. இதையும் 1570களில் வைக்கலாமா? அடுத்த பக்கத்தில் ‘பார்படோஸ் சர்க்கரை’ (பார்படோஸ் ஒரு கரீபியத் தீவு) வருகிறது. ஓரத்தில் ‘பிப்ரவரி 1652’.

பதில் 1:
வேண்டாம். செய்முறை எப்போது பிறந்தது என்பது வேறு, இந்தத் தாளில் எப்போது ஏறியது என்பது வேறு. அச்சுக் குறிப்புகளை அரை நூற்றாண்டு கழித்தும் படியெடுத்திருக்கிறார்கள். சம எடை அளவு 16ஆம் நூற்றாண்டிலும் உண்டு, 18இலும் உண்டு. அதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. பார்படோஸ்தான் உருப்படியான தடயம். அங்கே சர்க்கரைத் தொழில் காலூன்றியது 1640களில். ஆக, அந்தக் குறிப்பு அதற்கு முந்தியதல்ல. ஆனால் குவின்ஸ் பக்கமும் அதே கையெழுத்துதானா? தாய் தொடங்கிய ஏட்டை மகள் தொடர்வது அக்காலத்தில் சகஜம்.

பதில் 2:
அந்த பிப்ரவரி பெரும்பாலும் நம் கணக்கில் 1653. 1752க்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்கு ஆண்டோடு ஒன்று கூட்டிப் பாருங்கள். ‘1652/3’ என்று இரட்டையாக எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. ஓரக்குறிப்பின் மையும் உள்ளே இருக்கும் மையும் ஒன்றா என்றும் கவனியுங்கள். பிறகு வந்தவர் எழுதிய தேதியாகவும் இருக்கலாம்.

பதில் 3:
எழுத்தில் முதலில் ‘e’ஐப் பாருங்கள். இடவலம் திரும்பிய ‘e’, வரிக்குக் கீழே வால் நீண்ட ‘h’, ‘r’ போலத் தெரியும் ‘c’ மூன்றும் செக்ரட்டரி பாணி, அதாவது 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழங்கிய ஒரு கையெழுத்து முறை. அவை இத்தாலியப் பாணியோடு (இன்றைய எழுத்துக்கு நெருக்கமான சாய்வெழுத்து) கலந்து வந்தால் 17ஆம் நூற்றாண்டு என்பது என் ஊகம். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி (தாள் செய்யும்போதே பதியும் அடையாளம்) தெரியும்: முழுத்தாளை ஒருமுறை மடித்த ஃபோலியோவில் ஓர் இதழின் நடுவே, இருமுறை மடித்த குவார்ட்டோவில் தைத்த மடிப்பில் இரண்டாகப் பிரிந்து. ஸ்கேனில் இது வராது. நூலகத்தில் கேட்க வேண்டும். அப்படியே கிடைத்தாலும் அது தாளின் வயதுதான். வெற்று ஏடு பல வருடம் அலமாரியில் கிடந்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பக்கமும் ஒரே கை, கலப்பு எழுத்து. பழத்தை மூடிவைத்து மெல்ல வேகவிட்டால் சிவக்கும், திறந்து வேகமாகக் கொதிக்கவிட்டால் வெளிறும் என்கிறது. இது உதவுமா?

பதில் 1:
உதவாது, சிவப்பும் வெள்ளையும் அந்த நூற்றாண்டு நெடுகவே வருகின்றன. பிழைகளைத் தேடுங்கள். குவின்ஸ் மிருதுவாகும் முன் சர்க்கரை போட்டால் துண்டுகள் விறைத்துவிடும், பிறகு மசியாது. வேகவைக்கும் வரியே விடுபட்டிருந்தால், எழுதியவர் சமைத்துப் பார்க்காமல் எதையோ பார்த்து எழுதியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். அதே விடுபடல் ஓர் அச்சுப் பதிப்பிலும் இருந்து, மற்றப் பதிப்புகளில் இல்லையென்றால், மூலம் பெரும்பாலும் அதுதான். பிரதி அந்தப் பதிப்பின் ஆண்டுக்குப் பிந்தியது.