லினக்ஸ் மின்ட் போட்டதிலிருந்து வைஃபை வரவில்லை, உதவுங்கள்

அவினாசி_ஓவர்லாக்:
வணக்கமுங்க. அவினாசி பக்கம் சின்ன ஜாப் ஒர்க் யூனிட், பன்னிரண்டு ஓவர்லாக் மிஷின். கணக்குப் பார்க்கிற லேப்டாப் 2014இல் வாங்கியது, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு இலவச அப்டேட் நின்றுவிட்டது, 11 இதில் ஏறாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்கிற இலவச இயங்குதளம் போட்டேன். சவுண்டு, டச்பேடு, கேமரா எல்லாம் கேட்காமலே வேலை செய்கின்றன. வைஃபை ஐகானைத் தட்டினால் மட்டும் ஒரு பெயர்கூட வருவதில்லை. வைஃபை சிப்பை இயக்குகிற டிரைவர் மென்பொருளைப் போடலாம் என்று டிரைவர் மேனேஜருக்குப் போனால் முதலில் இன்டர்நெட் வேண்டும் என்கிறது. சனிக்கிழமை வாரச் சம்பளம் போட வேண்டுமுங்க.

பெருந்துறை_பிசி:
அண்ணா, செல்போனை கேபிளில் மாட்டி, போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கிற யூஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணுங்க. லேப்டாப்புக்கு அது ஒயர் நெட் மாதிரிதான் தெரியும், தனி டிரைவர் வேண்டாம். அப்புறம் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பட்டியல் வரும்.

அவினாசி_ஓவர்லாக்:
வந்ததுங்க தம்பி. வைஃபை சிப் பிராட்காம் 43142 என்று காட்டியது, டிரைவரும் ஏறிவிட்டது. ரீஸ்டார்ட் பண்ணியும் வைஃபை இல்லை.

கோபி_லினக்ஸ்:
டிரைவர் ஏறும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னதுங்களா? ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வந்ததா?

அவினாசி_ஓவர்லாக்:
ஆமாங்க, எதையோ வைத்தேன். நீலத்திரையில் இங்கிலீஷில் நாலைந்து வரி இருந்தது, முதல் வரியிலேயே என்டர் தட்டிவிட்டேன்.

கோபி_லினக்ஸ்:
அங்கேதான் விட்டுப்போயிருக்கிறதுங்க. உங்கள் சிப்புக்கான டிரைவர் மூடிய நிரல், லினக்ஸின் மையமான கர்னலோடு சேர்ந்து வராது, உங்கள் மிஷினிலேயே கட்டப்பட்டு அங்கேயே தயாரான ஒரு சாவியால் கையொப்பமிடப்படுகிறது. நம்பத்தக்க கையொப்பம் இல்லாத நிரலைத் தடுக்கிற செக்யூர் பூட் ஆனில் இருந்தால், அந்தச் சாவியை நீங்களே ஏற்றுக்கொள்ளும் வரை டிரைவரை உள்ளே விடாது. நீங்கள் தட்டிய முதல் வரி 'கன்டினியூ பூட்', அதாவது சாவியை ஏற்காமலே போ.

டெதரிங்கோடு டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுங்க. பாஸ்வேர்டு எட்டு எழுத்தாவது வேண்டும், தாளில் எழுதி வையுங்க. நீலத்திரை வந்ததும் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், உடனே ஏதாவது ஒரு கீயைத் தட்டுங்க. இரண்டாவது வரி 'என்ரோல் எம்ஓகே', அதாவது அந்தச் சாவியை ஏற்றுக்கொள், பிறகு கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாமல் அடியுங்க.

மின்ட் இவ்வளவு சுலபமாக வந்தபிறகும் இந்த ஒரு திரை தமிழில் ஒரு வார்த்தை இல்லாமல் வருவது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இதிலே மனசு விட்டு லினக்ஸே வேண்டாம் என்று போனவர்களை எனக்குத் தெரியும்.

பெருந்துறை_பிசி:
லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கிற பயாஸ் செட்டிங்கில் செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டால்?

கோபி_லினக்ஸ்:
அதுவும் வேலை செய்யும். ஆனால் கணக்கு இருக்கிற மிஷின், பூட்டு இருக்கட்டும்.

அவினாசி_ஓவர்லாக்:
வந்துருச்சுங்க! யூனிட் வைஃபை, பக்கத்து நிட்டிங் கம்பெனி வைஃபை எல்லாம் வரிசையாக நிற்கிறது. லிப்ரே ஆபிஸில் சம்பள ஷீட்டும் திறந்தது. டெய்லர்கள் பெயரைத் தமிழில் அடிக்க என்ன போட வேண்டும்?

கோபி_லினக்ஸ்:
எதுவும் இறக்க வேண்டாமுங்க. கீபோர்டு செட்டிங்ஸ், லேஅவுட்ஸ், கூட்டல் குறி. அதில் தமிழ்நெட் 99 என்கிற தமிழ் விசைப்பலகை இருக்கும்.