குரோஷா பிடிதுணிக்குக் கனமான பருத்தி நூல் எங்கே கிடைக்கும்?

வணக்கம் தோழிகளே. நாத்தனார் புது வீட்டுக்குப் போகிறார். அவருக்குக் கொடுக்க, சூரியகாந்திப் பூ டிசைனில் பிடிதுணியும், ஜோடியாகச் சூடான பாத்திரம் வைக்க ஒரு மேட்டும் குரோஷாவில் போட்டுக்கொண்டிருக்கிறேன். கடையில் கேட்டால் அக்ரிலிக் உல்லனைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கலர் கண்ணைப் பறிக்கும். ஆனால் காய்ந்த தோசைக்கல் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அது வேண்டவே வேண்டாம். முழுப் பருத்தியில், 4 மி.மீ. ஊசிக்குத் தோதான கனத்தில், சாயம் போகாத நூல் மதுரைப் பக்கம் எங்கே கிடைக்கும்? ஆன்லைனில் வாங்கியவர்களும் சொல்லுங்கள்.

இன்னொன்று. நடுவட்டத்தை 6 சிங்கிளில் (குட்டையான பின்னல்) தொடங்கி, சுற்றுக்கு 6 பின்னல் கூட்டிக்கொண்டே போகிறேன். அதுவரை தட்டையாகத்தான் வருகிறது. மஞ்சள் இதழ் போட ஆரம்பித்ததும் ஓரம் பொரித்த அப்பளமாய் நெளிகிறது. இதழுக்கு ஒரு டபுளை (சிங்கிளைவிட உயரமான பின்னல்) குறைக்கவா, இல்லை ஊசியை 3.5க்கு மாற்றவா?

ஒற்றை அடுக்கு என்றால் பின்னல் இடுக்கு வழியாகச் சூடு கைக்கு ஏறிவிடும். அதனால் இரண்டு வட்டம் போட்டு ஓரத்தைச் சேர்த்துப் பின்னப் போகிறேன். நடுவில் பழைய டர்க்கி டவல் துண்டு வைத்தால், துவைத்த பிறகு உள்ளே சுருண்டுகொள்ளுமா? வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். (பாலியெஸ்டர் பஞ்சு மட்டும் வேண்டாம், ப்ளீஸ்!)