ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 882 கிராம்தான் வருகிறது, சரியா?

மதுரைக்காரன்:
செக்குக் கடையில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கினேன். வீட்டுத் தராசில் பாட்டில் எடையைக் கழித்துப் பார்த்தால் 882 கிராம். தண்ணீரே லிட்டருக்கு ஒரு கிலோ. எண்ணெய் அதைவிடக் கெட்டியாச்சே, கூடத்தானே வர வேண்டும்? கடைக்காரரோ "வெயிலுக்கு எண்ணெய் விரியும் சார்" என்கிறார். கலப்படமாக இருக்குமோ?

பிசிக்ஸ் டீச்சர்:
கெட்டி வேறு, கனம் வேறு. மெதுவாக வழிவது பாகுத்தன்மை. லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது அடர்த்தி. விளக்கெண்ணெய் எவ்வளவு கெட்டி! தண்ணீரில் விட்டால் மிதக்கத்தான் செய்கிறது. தேன் கெட்டி, கனமும்கூட, லிட்டர் 1.4 கிலோவாவது வரும். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. நம் ஊர் வெப்பத்தில் நல்லெண்ணெய் லிட்டருக்கு 910 கிராமை ஒட்டி வரும். 882 குறைவுதான்.

செக்குக்காரர்:
விரியும், ஆனால் இவ்வளவு இல்லை. எண்ணெய் பாக்கெட்டில் லிட்டர் அளவோடு வெப்பநிலையைச் சேர்த்துப் போடக்கூடாது என்று 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொன்னபோது கொடுத்த கணக்கு: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6. வெயிலால் மட்டும் 882-க்கு இறங்க வேண்டுமென்றால் எண்ணெயை அடுப்பில்தான் வைக்க வேண்டும். பாமாயில் கலந்தாலும் எடை இந்த அளவு குறையாது, அதனால் தராசில் கலப்படம் தெரியாது. எனக்குப் பாட்டில் மேல்தான் சந்தேகம். எண்ணெய் நின்ற மட்டத்தில் கோடு போட்டு, காலி செய்து கழுவி, அதே கோடு வரை தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பாருங்கள்.

மதுரைக்காரன்:
பார்த்தேன். தண்ணீர் 962 கிராம்.

பிசிக்ஸ் டீச்சர்:
882-ஐ 962-ஆல் வகுத்தால் 0.917, அதாவது லிட்டருக்குச் சுமார் 917 கிராம். நல்லெண்ணெய்க்குப் பொருந்துகிற எண்தான். பாட்டில்தான் லிட்டர் இல்லை. 30 மில்லிக்கு மேல் குறைகிறது.

மதுரைக்காரன்:
அடப்பாவமே! இதை எங்கே சொல்வது?

செக்குக்காரர்:
முதலில் கடையில், முத்திரை போட்ட அளவு ஜாடியில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் அவர்கள் பொறுப்பு. இன்னொன்று, கிலோ விலை சொல்லி லிட்டர் ஊற்றுகிற கடைகளும் உண்டு. அங்கே எட்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும், கேட்டு வாங்குங்கள்.