ஜெட் ஸ்கீ: பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு 'டக்'. ஸ்டார்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

உப்பங்கழி:
வணக்கம். மூன்று பேர் உட்காரும் ஃபோர் ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீ, முட்டுக்காடு உப்புத்தண்ணீரில் ஓடுவது. இரண்டு வாரம் ஷெட்டில் நின்றது. இப்போது ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. மீட்டர் நன்றாக எரிகிறது. பேட்டரி 12.5 வோல்ட். ஸ்டார்ட்டர் போய்விட்டது, புதிது போடலாம் என்கிறார் மெக்கானிக். அதைக் கழற்றுவதே பெரிய வேலை. அதற்கு முன் எதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்?

நங்கூரம்:
ஸ்டார்ட்டரை இப்போதைக்கு வாங்காதீர்கள். 'டக்' கேட்கிறது என்றால் பட்டன், லான்யார்ட் (ஓட்டுபவர் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறும் அதன் சாவியும்), ஃபியூஸ், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் தங்கள் வேலையைச் செய்துவிட்டன, ரிலேயின் (ஸ்டார்ட்டருக்குப் போகும் பெரிய கரண்டை இணைக்கும் ஸ்விட்ச்) காயிலுக்குக் கரண்ட் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். கோளாறு அதற்கு அப்பால்தான் இருக்கிறது: ரிலேக்குள் இருக்கும் காண்டாக்ட், தடித்த கேபிள்கள், எர்த் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி), ஸ்டார்ட்டர், இல்லையென்றால் இன்ஜினே இறுகி நிற்கிறது. (சத்தமே வராவிட்டால் லான்யார்டிலிருந்து தொடங்க வேண்டும். சீ-டூ பிராண்டின் பல வண்டிகளில் சாவியை மாட்டியதும் இரண்டு 'பீப்' வர வேண்டும். 'டக டக டக' என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும்.)

12.5 வோல்ட் என்பது சும்மா இருக்கும் பேட்டரியின் கணக்கு. லோடு விழும்போது என்ன ஆகிறது என்பதை அது சொல்லாது. மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரி போஸ்ட்டிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரை பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனமாகியிருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் சிக்கிக்கொண்டு கரண்டை இழுக்கிறது. நல்ல பேட்டரி ஒன்றை மாற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். 12-க்கு மேல் அசையாமல் நின்றால் கரண்ட் போகவே இல்லை, வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

எங்கே என்று பிடிக்க வோல்டேஜ் டிராப் (இரண்டு இடங்களுக்கு நடுவே எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று) பாருங்கள். ஒவ்வொரு அளவையும் பட்டனை அழுத்தியபடியே எடுக்க வேண்டும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ரிலேயின் முதல் போல்ட் வரை, ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையில், இரண்டாவது போல்ட்டிலிருந்து ஸ்டார்ட்டர் முனை வரை, கடைசியாகப் பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக் வரை. பிளஸ் பக்கம் எல்லாம் சேர்த்து அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எர்த் பக்கம் 0.2, 0.3-க்குள் இருக்க வேண்டும். எந்த இடத்தில் 10, 12 வோல்ட் மொத்தமாகக் காட்டுகிறதோ அந்த இடம்தான் அறுந்தது.

தயவுசெய்து ஸ்குரூடிரைவரால் ரிலே போல்ட்டுகளை ஷார்ட் செய்து பார்க்காதீர்கள். ஹல்லின் (வண்டியின் உடற்கூட்டின்) உள்ளே அடிப்பகுதியில் பெட்ரோல் ஆவி தங்கும், ஒரு பொறி போதும். சீட்டைத் திறந்து பத்து நிமிடமாவது காற்றாட விட்டு, வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அலைமேடு:
நங்கூரம் சொன்னதற்கெல்லாம் முன்னால் ஒன்று: சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் நின்றுவிடும், அப்போதும் இதே 'டக்'தான் கேட்கும். விடாமல் பட்டனை அழுத்தினால் கனெக்டிங் ராட் வளையக்கூட இடமுண்டு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பொறி வராதபடி இக்னிஷன் காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, துளைகள் மேல் துணி போட்டு, குனியாமல் தள்ளி நின்று ஒரு வினாடி அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டவே கூடாது. உப்புத்தண்ணீர் என்றால் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது.

தண்ணீர் ஏறுவதற்குப் பெரும்பாலும் ஃப்ளஷ் (குழாய்த் தண்ணீர் விட்டு இன்ஜினின் உப்பைக் கழுவுவது) செய்யும் வரிசை தவறுவதுதான் காரணம். தொடங்கும்போது முதலில் இன்ஜின், பிறகு குழாய். நிறுத்தும்போது முதலில் குழாய், பிறகு இன்ஜின். பழுதான வண்டியை வேகமாக இழுத்துவந்தாலும் எக்ஸாஸ்ட் வழியே ஏறிவிடும்.

துடுப்பு:
ஸ்டார்ட்டர் 'விர்ர்' என்று சுற்றி இன்ஜின் மட்டும் சுற்றாத கேஸ் வேறு. பெண்டிக்ஸ் (ஸ்டார்ட்டரை இன்ஜினோடு கோக்கும் அமைப்பு) இருக்கும் வண்டிகளில் அதன் பினியன் (சிறிய பல்சக்கரம்) துருப்பிடித்து வெளியே வராமல் நிற்கும். இங்கே அது இல்லை.

உப்பங்கழி:
மிக்க நன்றி. பிளக்குகளைக் கழற்றினேன், தண்ணீர் இல்லை, ஆயிலும் சுத்தம். அப்போதும் சுற்றவில்லை. அளவுகள்: பட்டன் அழுத்தும்போது பேட்டரி 12.3. பிளஸ் பக்கம் மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட 0. பேட்டரி மைனஸ் முதல் பிளாக் வரை 11.9!

நங்கூரம்:
எர்த் கேபிள்தான். ஸ்டார்ட்டரைத் தொட வேண்டாம். மீட்டரும் ரிலேயும் வேலை செய்ததற்குக் காரணம், அவற்றின் எர்த் மெல்லிய வயராகத் தனியே பேட்டரி மைனஸுக்குப் போகிறது. ஸ்டார்ட்டருக்கு மட்டும் பிளாக்தான் எர்த்.

முதலில் பேட்டரியின் கறுப்பு, பிறகு சிவப்பு கழற்றுங்கள். பிளாக்கில் இருக்கும் எர்த் போல்ட்டை எடுத்து, லக் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) பக்கத்தில் கேபிளின் உறையை இரண்டு அங்குலம் கீறிப் பாருங்கள். வெளியே புதிதுபோல் இருந்தாலும் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். அப்படியிருந்தால் முனையை வெட்டி லக் மாற்றுவதில் பயனில்லை, உப்பு உறைக்குள் நெடுந்தூரம் ஏறியிருக்கும். முழு கேபிளையும் மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள், பழையதற்குக் குறையாத தடிமன். லக்கை சுத்தியலால் தட்டாமல் ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். பிளாக்கில் லக் உட்காரும் இடத்தை வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே டைஎலெக்ட்ரிக் (கரண்ட் கடத்தாத) கிரீஸ் தடவுங்கள். லக்குக்கும் பிளாக்குக்கும் இடையில் தடவக் கூடாது.

பிளக்குகளையும் காயில்களையும் மாட்டி, திரும்பவும் அதே அளவை எடுங்கள். 0.2-க்குள் வர வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து வினாடிக்கு மேல் பட்டனை அழுத்தாதீர்கள், அடுத்த முயற்சிக்கு முன் பதினைந்து வினாடி விடுங்கள். தண்ணீர் இணைக்காமல் இன்ஜினைப் பதினைந்து வினாடிக்கு மேல் ஓட விடவும் வேண்டாம்.

துடுப்பு:
எர்த் கேபிள் இப்படி ஆகியிருந்தால் பிளஸ் கேபிளும் அதே வயதுதான். இன்று அளவு சரியாக வந்தாலும், பேட்டரி கழற்றியிருக்கும்போதே அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.